இக்கரை வாளும் அக்கரை வாளும்

ஜூலை 8, திங்கள். மிரி

விமான நிலையத்தில் என்னைத் தனி அறைக்கு அழைத்துப் போனார்கள். பெட்டியில் துப்பாக்கி இருக்கிறதாம்.

துப்பாக்கி இல்லை, உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எக்ஸ்-கதிர் விட்டுப் பார்க்கும் கருவி என்றேன். நம்பவில்லை. அதிகாரியாக இருந்த பெண்ணிடம் வளையலைக் கழற்றித் தரச் சொல்லி, மேசையில் வைத்து விசையை அழுத்திக் காட்டினேன். தங்கம் எழுபத்தைந்து சதவீதம், மீதி செம்பும் வெள்ளியும் என்று திரையில் வந்தது. அதைச் சத்தமாகப் படித்திருக்க வேண்டாம். அசல் 916 என்று சொல்லித்தான் அவள் கணவன் வாங்கிக் கொடுத்தானாம். நான் பெட்டியை மூடிக்கொண்டு வெளியே வரும்போது அவள் அவனுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

தங்கை செல்வராணி இதைக் கேட்டால், "அக்கா, ஒனக்கு வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா?" என்பாள். தெரியாதுதான். பினாங்கில் இத்தனை வருடமாக எனக்குச் சம்பளமே, உடைந்த லிப்ட் கம்பியைப் பார்த்து, இது மட்டமான இரும்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்வதற்குத்தான்.

இந்த முறை லிப்ட் இல்லை, வாள்கள். பாராம் ஆற்றின் மேல்பகுதியில் காயான் பழங்குடி மக்களின் இரண்டு நீளவீடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பழைய வாள். இந்தப் பக்கத்துப் பழங்குடியினர் வாளையெல்லாம் டாயாக் வாள் என்று நாம் மொத்தமாகச் சொல்வோம்; இவர்கள் தங்கள் வாளை மாலாட் என்கிறார்கள். அருங்காட்சியகம் அவற்றைச் சோதித்துப் பதிவு செய்ய விரும்புகிறது. சக ஊழியருக்கு டெங்கு வந்ததால் நான் வந்திருக்கிறேன்.

ஜீப் ஓட்டவும் படகு விடவும் ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அனியி உசாங். அவரும் காயான்தான், வயது நாற்பத்தைந்து இருக்கும். கையில் 'புவான் தவா' என்று என் பெயரை எழுதிய அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். புவான் என்றால் மலாயில் அம்மணி.

ஜூலை 9, செவ்வாய். காட்டுப் பாதை

வழி தவறிவிட்டோம். மரம் ஏற்றும் லோரிகள் போகும் செம்மண் பாதையில் பாதி நாள் போன பிறகு அனியி வண்டியை நிறுத்தி, "இது அந்தப் பாதை இல்ல புவான்" என்றார்.

"நீங்க பொறந்து வளந்த எடம்னு சொன்னீங்களே?"

"காடு கொஞ்சம் நகந்திருச்சு போல."

திரும்பி வரும் வழியில் ஓர் அருவியைக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் அருவி பார்க்க வரவில்லை. வெட்டுமரக் கூடாரம் ஒன்றில் தங்கல். அவர் விடாமல் பாடுகிறார். குரல் மோசமில்லை.

ஜூலை 10, புதன். லோங் பலுவான்

மதியம் படகில் வந்து சேர்ந்தோம். ஆற்றின் இந்தக் கரையில் லோங் பலுவான், எதிர்க்கரையில் லோங் செமியாங். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும் மர நீளவீடுகள். ஒரே கூரைக்கு அடியில் ஐம்பது குடும்பம் இருக்கும். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் எதிர்வீட்டுப் பூனை நீந்தி வரும் என்கிறார்கள்.

என்னை வரவேற்றது உபோங். இக்கரைத் தலைவரின் மகள், பள்ளி ஆசிரியை. அருங்காட்சியகத்துக்கு எழுதிப் போட்டதே அவள்தானாம். எல்லாரிடமும் மலாய்தான் பேசுகிறேன். இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

உபோங் கதையைச் சொன்னாள். அவளுடைய பாட்டனாரின் அப்பா காலத்தில் இரண்டு வீடுகளுக்கும் வெட்டுக்குத்து. பிறகு சமாதானம். அதற்கு அடையாளமாக அன்றைய தலைவர்கள் தங்கள் வாள்களை மாற்றிக்கொண்டார்கள். இக்கரை வாள் அக்கரையில் இருக்கிறது, அக்கரை வாள் இக்கரையில் இருக்கிறது. என்றைக்கு ஒரு வீட்டுப் பெண் இன்னொரு வீட்டுப் பையனைக் கட்டிக்கொள்கிறாளோ, அன்றைக்கு இரண்டு வாளும் தத்தம் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று பேச்சு.

"இத்தன வருசத்துல ஒரு கல்யாணமும் நடக்கலியா?" என்றேன்.

"நடக்கல. நாந்தான் மொதல்ல. மூணு வருசமா மொதல்லயே நிக்கிறேன்."

அவள் கட்டிக்கொள்ளப்போவது ஜாலோங் என்பவனை. அக்கரைத் தலைவரின் மகன், கிளினிக்கில் மருத்துவ உதவியாளன். இரண்டு அப்பாக்களுக்கும் சம்மதம். ஆனால் தேதி வைக்கும்போதெல்லாம் ஏதாவது வருகிறது. ஒரு வருடம் கூரை ஒழுகியது. ஒரு வருடம் அறுவடை. போன வருடம் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் முட்டிவலி.

"வாளோட மதிப்புத் தெரியாம எப்படி மாத்திக்கிறதுன்னு கடைசியா ஒரு சாக்கு சொன்னாங்க. அதான் ஒங்கள வரவச்சேன். சாக்கே இல்லாமப் பண்ணிட்டுப் போங்க."

இந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

கருவியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, சார்ஜரைக் காணோம். பெட்டியில் என் கையால் வைத்தேன். அனியியும் தேடினார். ரொம்ப நேரம் தேடினார்.

ஜூலை 12, வெள்ளி

சார்ஜர் இல்லை. ஆற்றில் குளித்தேன். ஆசிரியர் அறையில் இணையம் கிடைத்தது, செல்வராணியுடன் பேசினேன்.

"அக்கா, ஒரே அனியி அனியிங்கிற, யாரு அது?"

"டிரைவர்டி. ஒரு வேலைக்கும் லாயக்கில்லாத ஆளு."

"அதுக்கா இவ்வளவு நேரம் அவரப் பத்தியே பேசுற?"

இணைப்பு சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 13, சனி

சார்ஜர் அனியியின் இருக்கைக்கு அடியில், உப்புக்கண்டப் பொட்டலத்துக்குள் கிடைத்தது. எப்படிப் போனது என்று தெரியவில்லை என்கிறார். நான் பசியாறும்போது அவர் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிள்ளை பிறந்துவிட்டால் அப்பா அந்தப் பிள்ளையின் பெயரால்தான் அறியப்படுகிறார். தாமான் என்றால் அப்பா. ஆகவே உபோங்கின் அப்பா தாமான் உபோங். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். தேவாலயத்தில் ஞாயிறு வாசகம் படிப்பவர் அவர்தான். இன்று காலை கருவியோடு போனபோது, வாளை உறையிலிருந்து எடுப்பதென்றால் நல்ல பறவை ஒன்று வலப்பக்கம் கத்த வேண்டும் என்றார்.

"அப்பா, நாளைக்கு பூசையில வாசிக்கிற வேதாகமத்தத் தொறக்கவும் பறவை கத்தணுமா?" என்று கேட்டாள் உபோங்.

அவர் எழுந்து போய் வாளை எடுத்து வந்தார்.

அழகான வாள். பிடி மான்கொம்பு. அதில் சுருள் சுருளாகச் செதுக்கல், நுனியில் கொத்தாக ஆட்டுமுடி. பிடியிலிருந்து போகப் போக அலகு அகன்று, முனையில் சரிவாக வெட்டுப்பட்டு நிற்கிறது. முதுகோரம் வரிசையாகத் துளைகள், அவற்றில் பித்தளைப் பொட்டுகள். எனக்கு அதிசயமாக இருந்தது அலகின் வயிறுதான். ஒரு பக்கம் லேசாகப் புடைத்திருக்கிறது, மறுபக்கம் லேசாகக் குழிந்திருக்கிறது. வெட்டினால் சிக்காமல் வெளியே வருவதற்காம். இடக்கைக்காரனுக்குக் குழிவு மாறி வர வேண்டும்.

இங்கே அந்தக் காலத்தில் ஆற்றோரத்துச் சிவப்புக் கல்லைக் கரியோடு அடுக்கி, மரக்குழாய்த் துருத்தியால் ஊதி இரும்பு எடுத்திருக்கிறார்கள். அப்படி எடுத்த இரும்பில் வேறு உலோகம் அநேகமாக இருக்காது. பாஸ்பரஸ் கொஞ்சம் வரலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்து விசையை அழுத்தினேன்.

குரோமியம் வந்தது. மாங்கனீசும் வந்தது. இடம் மாற்றி அழுத்தினேன். அதே. மூன்றாவது இடம். அதே.

இது பாட்டன் காலத்து இரும்பே இல்லை. லோரிக்கு அடியில் பட்டை பட்டையாக அடுக்கியிருக்குமே, அந்த ஸ்பிரிங் பட்டை. இந்தக் கலவையை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

வாயைத் திறந்தேன். தாமான் உபோங் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும், வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன். "கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

பூசை முடிந்ததும் தாமான் உபோங் என்னைத் தம் மிளகுத் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். காய்ந்த கொடிகளைப் பிடுங்கியபடியே பேசினார்.

"ஒங்க துப்பாக்கி கண்டுபிடிச்சிருச்சு, இல்ல?"

"ஆமா தாமான்."

உபோங்குக்குப் பத்து வயது இருக்கும்போது நீளவீடு தீப்பிடித்ததாம். அவளுக்குக் காய்ச்சல், உள்ளே படுத்திருந்தாள்.

"ஒரு கையில பிள்ளையத் தூக்கிட்டேன். இன்னொரு கையில மாலாட்ட எடுத்துட்டேன். கதவுக்கு வந்தா, தாழ்ப்பாள் போட்டிருக்கு. தொறக்க ஒரு கை வேணும்ல?"

கொடியைப் பிடுங்குவதை நிறுத்தினார்.

"யோசிக்கவே இல்ல. வாளக் கீழ போட்டுட்டேன். அது அக்கர வீட்டுச் சொத்து. எங்க பாட்டன் வாங்கி வச்ச நம்பிக்க. அவங்களுக்கு நான் என்னன்னு சொல்றது? தெரிஞ்ச ஒருத்தன வச்சு ரகசியமா இன்னொண்ணு செஞ்சு வாங்குனேன். இப்ப பிள்ளைக்குக் கல்யாணம். லோரி இரும்பக் கொண்டுபோய் அவங்க பாட்டன் வாள்னு எப்படி நீட்டுவேன்?"

"தாமான், நான் பொய் எழுத மாட்டேன்."

"எழுத வேணாம். கொஞ்சம் மெதுவா எழுதுங்க."

பை நிறைய மிளகு கொடுத்தார். லஞ்சமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார், நானும்தான்.

ஜூலை 15, திங்கள். அக்கரை

படகு இன்ஜின் கிளம்பவில்லை. அனியி அதைப் பிரித்துப் போட்டு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் ஜாலோங்கைக் கூப்பிட்டு அவன் படகில் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தேன். கையில் ஸ்பானருடன் கரையில் நின்றுகொண்டிருந்தார். பாவமாக இருந்தது, எதற்கென்று தெரியவில்லை.

தாமான் ஜாலோங் நேர்மாறு. பருத்த உடம்பு, பெரிய குரல், நாம் ஒரு வாய் சாப்பிட்டால் அவர் மூன்று வாய் ஊட்டுவார். வாள் இருக்கும் பெட்டியின் சாவி மிரியில் தம்பியிடம் இருக்கிறது என்றார். ஜாலோங் பெட்டியை நெம்பித் திறந்துவிட்டான்.

இதுவும் அதே அழகு. அதே மான்கொம்பு, அதே பித்தளைப் பொட்டு. அழுத்தினேன்.

குரோமியம். மாங்கனீசு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் மாதிரி ஆக்கினேன். தாமான் ஜாலோங் மகனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரால் மெதுவாகப் பேச முடியாது. ரகசியத்தையும் ஆற்றுக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

"படகு கவுந்திருச்சு புவான்! பெரிய பாறைக்கிட்ட! விருந்துக்குக் காட்டலாம்னு மாலாட்டக் கட்டிக்கிட்டுப் போனேன். ரெண்டும் தண்ணியில போகுது. ஒரு பக்கம் புது இன்ஜின், ஒரு பக்கம் வாள். நான் இன்ஜினப் பிடிச்சுட்டேன்!"

"அது எப்ப?"

"அவங்க வீடு எரிஞ்ச அடுத்த வருசம். பாருங்க, தாமான் உபோங் எப்பேர்ப்பட்ட மனுசன். நெருப்புல பூந்து எங்க பாட்டன் வாளக் காப்பாத்தி வச்சிருக்காரு. நான் அவங்க வாள ஒரு இன்ஜினுக்காக விட்டுட்டேன். எந்த மொகத்த வச்சுக்கிட்டுச் சம்பந்தம் பேசுவேன்?"

எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் அது இன்னொருவர் நம்பிச் சொன்னது. பொரித்த மீனை வாயில் திணித்துக்கொண்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

இரண்டு வாளின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஸ்பிரிங் பட்டை என்றால் எல்லாம் ஒன்றுபோல இருக்காது. ஆலை மாறினால், ஏன், ஒரே ஆலையில் உருக்கும் உலை மாறினாலே, செம்பும் நிக்கலும் துளி கூடும், துளி குறையும். இங்கே ஒரு துளியும் மாறவில்லை. பித்தளைப் பொட்டுகளிலும் அப்படியே. செம்பு, துத்தநாகம், ஈயம் மூன்றும் இரண்டு வாளிலும் அதே அதே அளவு. ஏதோ ஒரு பூட்டை உடைத்து எடுத்திருக்க வேண்டும். ஒரே பூட்டு. ஒரே பட்டை. ஒரே ஆள்.

யார் என்று யோசித்துக்கொண்டே படித்துறைக்குப் போனேன். அனியி இன்ஜினை மாட்டிக்கொண்டிருந்தார். வாலிபத்தில் வெட்டுமரக் கூடாரத்தில் லோரி பழுது பார்த்ததாக முதல் நாளே சொல்லியிருந்தார். வழி தவறியது. சார்ஜர். கிளம்பாத இன்ஜின்.

"லோரிக்கு என்ன நெறம்?" என்றேன்.

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "மஞ்சள்" என்றார்.

மறைக்க முயலவில்லை. அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கொல்லுவேலை வீட்டுத் தொழில். தாமான் உபோங் வந்து சத்தியம் வாங்கிக்கொண்டு ஒரு வாள் கேட்டார். அடுத்த வருடம் தாமான் ஜாலோங் வந்து அதே சத்தியத்தை வாங்கிக்கொண்டு இன்னொன்று கேட்டார். உடைந்த பட்டையில் மீதி இருந்தது.

"ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமப் பாத்துக்கணும்னு ரெண்டு பேருமே சொன்னாங்க. நான் என்ன பண்றது? அருங்காட்சியகத்துலேர்ந்து ஆள் வராங்கன்னு கேள்விப்பட்டதும் நானே போய் இந்த வேலைய வாங்கிக்கிட்டேன். நீங்க சலிச்சுப்போய் திரும்பிருவீங்கன்னு நெனச்சேன்."

"அப்ப அந்த வழி தவறுனது?"

அவர் ஆற்றைப் பார்த்தார். "அது மட்டும் வாளுக்காக இல்ல."

எதற்காக என்று நான் கேட்கவில்லை. கோபமாக இருந்தேன். மேலே வந்துவிட்டேன்.

ஜூலை 17, புதன்

யாரிடமும் பேசவில்லை.

மாலையில் உபோங்கே வந்தாள். அப்பாவின் வாள் அசலா என்று நேராகக் கேட்டாள். சொல்ல முடியாது என்றேன்.

"பொய் சொல்லத் தெரியாதவங்க 'சொல்ல முடியாது'ன்னா எனக்குப் புரியும்" என்றாள். அழவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. "ஞாயித்துக்கிழம நானும் ஜாலோங்கும் மிரிக்குப் போறோம். பதிவு பண்ணிக்கிறோம். அங்கயே வேல பாத்துக்கிறோம். எனக்கு வாளும் வேணாம், இந்த ரெண்டு வீடும் வேணாம். எங்களவிட அந்த இரும்புதான் பெருசுன்னா, அதோடயே இருக்கட்டும்."

அவள் போனபிறகு அனியியைத் தேடிப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்து வைத்தார்.

"ரெண்டு சத்தியம். ஒண்ண மீறினா துரோகம். ரெண்டையும் ஒரே நேரத்துல மீறினா?"

"என்ன?"

"நாளைக்கு வாங்க தவா. துப்பாக்கியையும் எடுத்துட்டு வாங்க."

இன்றுதான் புவான் போடாமல் கூப்பிட்டார். அவசரத்தில் விட்டுப் போயிருக்கும்.

ஜூலை 18, வியாழன்

இதை விவரமாக எழுத வேண்டும்.

வலை போடப் போகலாம் என்று தாமான் உபோங்கை இக்கரையில் ஏற்றினார் அனியி. பிறகு அக்கரைக்குப் போய் தாமான் ஜாலோங்கை ஏற்றினார். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், நடுவில் கருவியோடு நான். இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். நடு ஆறு வந்ததும் அனியி இன்ஜினை நிறுத்திவிட்டு நங்கூரக் கல்லைப் போட்டார்.

"இங்க மீனு இல்லையே" என்றார் தாமான் ஜாலோங்.

"இல்ல. எறங்கிப் போகவும் எடம் இல்ல" என்றார் அனியி. "தாமான் உபோங், ஒங்களுக்கு ஒரு சத்தியம் குடுத்தேன். தாமான் ஜாலோங், ஒங்களுக்கும் ஒரு சத்தியம் குடுத்தேன். ரெண்டும் ஒரே சத்தியம். மன்னிச்சுக்குங்க. தவா, எண்ணப் படிங்க."

படித்தேன். அக்கரையில் உள்ள வாளில் இன்ன அளவு குரோமியம். இக்கரையில் உள்ள வாளில் அதே அளவு குரோமியம். மாங்கனீசு அதே. செம்பு அதே.

காகிதத்தை மடித்தேன்.

"அப்படின்னா?" என்றார் தாமான் ஜாலோங்.

"அப்படின்னா ரெண்டும் லோரி" என்றேன்.

தாமான் உபோங் மெதுவாகத் திரும்பினார். "ஒங்ககிட்ட இருக்கிறதும் லோரியா?"

"ஒங்ககிட்ட இருக்கிறதுமா? நீங்க நெருப்புலேர்ந்து காப்பாத்துனீங்களே!"

"நான் உபோங்கக் காப்பாத்துனேன்."

தாமான் ஜாலோங் படகின் இன்ஜினைப் பார்த்தார். பிறகு, "நான் இன்ஜினக் காப்பாத்துனேன்" என்றார், தம் வாழ்நாளிலேயே சின்னக் குரலில்.

தாமான் உபோங்குக்குத் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரிக்கிறார். சத்தமே வராத சிரிப்பு. அதைப் பார்த்து தாமான் ஜாலோங் ஆரம்பித்தார் பாருங்கள், படகு இரண்டு பக்கமும் தண்ணீர் மொண்டது. "எந்த லோரி?" "ஒரே லோரிதான்!" "பட்டையில இன்னும் மீதி இருக்காடா?" இரண்டு கரையிலும் ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். போன வருடம் முட்டிவலி என்று சொன்ன இருவரும் எழுந்து நின்று ஒருவரையொருவர் கட்டிப்பிடிக்கப் பார்க்க, நான் கருவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். கவிழவில்லை. ஏன் கவிழவில்லை என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

சிரித்து முடித்தபோது தாமான் ஜாலோங்கின் கண் நனைந்திருந்தது. "என் மருமக உசுரோட இருக்கா. அதுக்கு ஒரு வாள் போனா என்ன?" என்றார்.

கரைக்கு வந்ததும் இரண்டு அப்பாக்களும் உபோங்கிடம் போனார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அவள் இருவரையும் திட்டினாள் என்பது மட்டும் தூரத்திலிருந்தே தெரிந்தது. பெட்டியைப் பிரித்து துணிகளைக் கொடியில் போட்டிருக்கிறாள். கல்யாணம் அடுத்த சனிக்கிழமை.

ஜூலை 21, ஞாயிறு

தாமான் உபோங் நெல் குதிருக்குள் கையை விட்டு ஒரு மூட்டையை எடுத்தார். தீயில் கிடந்த பழைய வாள்! தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லையாம். வளைந்து, செதில் செதிலாக உரிந்து, பாதிதான் மிச்சம். நான் அழுத்திப் பார்த்தேன். குரோமியம் இல்லை. மாங்கனீசு இல்லவே இல்லை என்று சொல்லலாம். இரும்பும் கொஞ்சம் பாஸ்பரஸும். இந்த ஆற்றுக் கல்லிலிருந்து எடுத்த இரும்பு.

அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டியது என்றேன். ஒரு துண்டு கொண்டுபோங்கள், மீதி இங்கே வேலைக்கு ஆகட்டும் என்றார்கள் இரண்டு அப்பாக்களும். மாலாட் உறையின் பின்னால் சின்னக் கத்தி ஒன்று செருகியிருப்பார்கள், பிரம்பு சீவ. அந்த இரும்பில் வீட்டுக்கு ஒன்றாக இரண்டு சின்னக் கத்தி அடித்துத் தரச் சொன்னார்கள் அனியியிடம்.

அருங்காட்சியகத்துக்குப் பேசினேன். அவர்களுக்கும் சம்மதம். திரும்புகிற தேதியைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். உருக்கிய இரும்பு அடிபடும்போது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது தொழிலுக்கு உபயோகம்.

ஜூலை 23, செவ்வாய்

கொட்டகையில் உலை. அனியி ஊதினார், அடித்தார். பழைய இரும்பு முதலில் நொறுங்கப் பார்த்தது. வெள்ளைச் சூட்டுக்குக் கொண்டுபோய் மடித்து மடித்து அடித்த பிறகுதான் கசடு தெறித்துக் கெட்டியானது. அதில் வெட்டும் கூர் நிற்காது, நடுவில் கொஞ்சம் கடினமான எஃகு வைக்க வேண்டும் என்றேன். எதை வைப்பது என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம், "லோரி."

பட்டையில் இன்னும் மீதி இருந்தது. தணிக்கும் சூடு எவ்வளவு என்று நான் கணக்குச் சொன்னேன், அவர் நிறம் சொன்னார். இரண்டும் ஒத்துப்போனது. என் முகம் முழுக்கக் கரி. தெரியாமல் அப்படியே போய் செல்வராணியிடம் வீடியோவில் பேசிவிட்டேன். அவள் கடைசி வரை சிரித்துக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 27, சனி

கல்யாணம்.

காலையில் தேவாலயத்தில் பூசை. பிறகு நீளவீட்டின் பொதுக்கூடத்தில் உபோங்கும் ஜாலோங்கும் இரண்டு பெரிய சேகண்டிகளின் மேல் உட்கார்ந்தார்கள். அவள் கழுத்தில் மணிகள், அவன் தலையில் இறகுகள். நூற்றுக்கணக்கில் ஆட்கள். சுற்றிச் சுற்றி அரிசிக் கள், அவர்கள் புராக் என்கிறார்கள். வேண்டாம் என்றால் கையைப் பிடித்து வாயருகே கொண்டுவந்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு வழக்கம். ஒருவர் எழுந்து விருந்தாளியைப் புகழ்ந்து நீட்டி நீட்டிப் பாட, ஒவ்வொரு வரி முடிவிலும் கூடமே சேர்ந்து ஒரு நீண்ட குரல் கொடுக்கும். வாள் மாற்றும் நேரம் வந்ததும் அப்படிப் பாட யாரையாவது கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். தாமான் உபோங் எழுந்தார். தீ, தாழ்ப்பாள், எல்லாவற்றையும் சொன்னார். தாமான் ஜாலோங் எழுந்து இன்ஜின் கதையைச் சொன்னார், நடித்தே காட்டினார். கூடம் முதலில் திகைத்தது, பிறகு தரை அதிரச் சிரித்தது. அப்புறம் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"இந்த வாளுங்களுக்குப் பாட்டு இல்ல. அறிக்கைதான் இருக்கு. அதப் படிங்க" என்றார் தாமான் ஜாலோங்.

கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. அனியி என் பின்னால் வந்து நின்றுகொண்டார். காகிதத்தைப் பிரித்து, ஆபீசில் படிக்கிற மாதிரி ஆரம்பித்தேன்.

"மாதிரி ஒன்று. அக்கரையில் இருந்தது. இரும்பு, தொண்ணூற்றேழு சதவீதம்."

கூடம் முழுக்க அந்த நீண்ட குரல் எழுந்தது. நான் நிறுத்திவிட்டேன். அனியி மெல்ல, "நிறுத்தாதீங்க" என்றார்.

"குரோமியம், ஒன்றுக்குச் சற்றுக் குறைவு."

மறுபடி குரல், இன்னும் நீளமாக.

"மாங்கனீசு. செம்பு. நிக்கல்." ஒவ்வொன்றுக்கும் குரல் கொடுத்தார்கள். பித்தளைப் பொட்டில் இருந்த ஈயத்துக்குக்கூட. எனக்குக் கூச்சம் போய்விட்டது. நானும் இழுத்து இழுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். மாதிரி இரண்டு, இக்கரையில் இருந்தது. அதே இரும்பு. அதே குரோமியம். சின்னக் கத்திகள் இரண்டு, இந்த ஆற்று இரும்பு, நடுவில் லோரி. கடைசி வரி, எல்லா அறிக்கையிலும் நான் எழுதுகிற மாதிரிதான் எழுதியிருந்தேன். ஆனால் வாய்விட்டுப் படிக்கும்போது அது அறிக்கை மாதிரி இல்லை.

"முடிவு: மாதிரி ஒன்றும் மாதிரி இரண்டும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை."

யாரும் குரல் கொடுக்கவில்லை. பிறகு உபோங் சேகண்டியிலிருந்து எழுந்து தனியாக ஆரம்பித்தாள். ஜாலோங் சேர்ந்துகொண்டான். அப்புறம் இரண்டு கரைக்காரர்களும் சேர்ந்து கொடுத்தார்கள் பாருங்கள் ஒரு குரல், கூரைத் தகரம் கிணுகிணுத்தது. அதற்குள் இரண்டு அப்பாக்களும் லோரி வாள்களை மாற்றிக்கொண்டு, இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடத் தொடங்கியிருந்தார்கள்.

ஜூலை 28, ஞாயிறு. மிரி

இந்த முறை அனியி நேர் வழியில் ஓட்டினார். ரொம்ப வேகமாகவே வந்து சேர்ந்துவிட்டோம். எதற்கு இவ்வளவு வேகம் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

விமான நிலைய வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பினாங்கில் கடல் மேல் நீளமான பாலம் இருக்கிறதாமே, அடுத்த மாதம் வந்து பார்க்கலாமா என்று கேட்டார்.

"பாலத்தப் பாக்க ஒரு நாள் போதுமே" என்றேன்.

"எனக்குப் போதாது, தவா."

வாங்க என்றேன். உடனே சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை.

விமானம் தாமதம். செல்வராணிக்கு இன்னும் சொல்லவில்லை. வீட்டில் வரும் விருந்தாளிக்கு என்று இருக்கும் அறை முழுக்க உடைந்த போல்ட்டுகள் கிடக்கின்றன. போனதும் முதல் வேலையாக அதைக் காலி பண்ண வேண்டும். ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை வாங்க வேண்டும்.